8 மணிக்கு ரத்தத்தில் ஒன்றுமில்லை, மறுநாள் லட்சக்கணக்கில்: இடையில் எங்கே போயிருந்தன?

சிறுதுளி:
வணக்கம். ஆராய்ச்சியில் எனக்கு இது முதல் வருடம், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிமோகாக்கஸ் (நிமோனியா தரும் பாக்டீரியா) வைத்து எலியில் ரத்தத் தொற்று பார்க்கிறோம். 8 எலி, ஒரே வம்சம், ஒரே வயது, எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வால் சிரை வழியாக ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 லட்சம் பாக்டீரியா. அரை மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் ஏற்கெனவே மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம்தான் இருந்தது, 2 மணிக்கு (நான் சொல்லும் மணியெல்லாம் ஊசி போட்டதிலிருந்து எண்ணியது) சில நூறு, 8 மணிக்கு எட்டு எலியிலும் வளர்ப்புத் தட்டு சுத்தம், ஒரு காலனிகூட (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளி) இல்லை. சரி, ஜெயித்துவிட்டன என்று நினைத்தேன். 24 மணிக்குப் பார்த்தால் ஐந்து எலியில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம், மூன்றில் ஒன்றுமே இல்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, 8 மணிக்கு இல்லாதது 24 மணிக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு, எல்லாமே ஒரே மாதிரி எலி, ஒரே குப்பியிலிருந்து போட்ட ஊசி, அப்படியிருக்க ஐந்துக்கு வந்து மூன்றுக்கு ஏன் வரவில்லை? ஊசி சரியாக ஏறவில்லை என்று ஆய்வகத்தில் சொல்கிறார்கள். அரை மணி நேரத் தட்டில் எட்டு எலியும் ஒரே மாதிரி காட்டியதே, அதனால் அந்தப் பதிலில் எனக்குத் திருப்தியில்லை.

பழையபைப்பெட்:
ஊசியில் பிழையில்லை. அரை மணித் தட்டை வைத்தே அதை ஒதுக்கிவிட்டீர்கள், நல்ல யோசனை.

முதலில் அந்த "ஒன்றுமில்லை" என்பதைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். 8 மணிக்கு எவ்வளவு ரத்தம் தட்டில் பரப்பினீர்கள்? எலியிடம் அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால் 10 மைக்ரோலிட்டர்தான் போட்டிருப்பீர்கள். அதில் ஒரே ஒரு காலனி வந்தால்கூட மில்லிலிட்டருக்கு 100 என்று ஆகிறது. 25 கிராம் எலியின் உடம்பில் மொத்த ரத்தமே 2 மில்லி சொச்சம். அதாவது உடம்பு முழுக்க 100 பாக்டீரியா சுற்றிக்கொண்டிருந்தாலும் உங்கள் தட்டு பாதிக்கு மேற்பட்ட தடவை வெறுமையாகத்தான் இருக்கும். பூஜ்யம் என்று எழுதாதீர்கள், "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று எழுதுங்கள். நோட்டுப் புத்தகத்தில் இந்த ஒரு வார்த்தையை மாற்றினாலே பாதி மர்மம் போய்விடும்.

மீதிப் பாதி இது: அந்த 10 லட்சம் ரத்தத்தில் செத்து மறையவில்லை, ரத்தத்திலிருந்து வெளியே இழுக்கப்பட்டது. கல்லீரலின் நுண்குழாய்களில் ரத்தம் மெதுவாகப் போகும், அங்கே சுவரோடு ஒட்டிக்கொண்டு கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கும் குப்ஃபர் செல்கள் (கல்லீரலின் கிருமி விழுங்கும் செல்கள்) போகிற வருகிற பாக்டீரியாவைப் பிடித்துக்கொள்ளும். காம்ப்ளிமென்ட் என்ற ரத்தத்தின் தற்காப்புப் புரதம் ஒட்டியிருந்தால் பிடி இன்னும் இறுகும். மண்ணீரலும் இதே வேலையைச் செய்கிறது, அளவில் சின்னது. ரத்தத்திலிருந்து இப்படி வடிகட்டும் வேகத்தை 1950-களிலேயே நன்றாக அளந்துவைத்திருக்கிறார்கள், இது புதுச் செய்தி இல்லை. நிமோகாக்கஸுக்கு வழுவழுப்பான கேப்சூல் உறை இருப்பதால் பிடி நழுவும், உறையில்லாத வகை என்றால் இன்னும் வேகமாகக் காணாமல் போயிருக்கும்.

ஆக, ரத்தத்தை எடுத்து எண்ணுவது சாலையில் நின்று வண்டிகளை எண்ணுவது மாதிரிதான். சாலை காலியாக இருக்கிறதே என்று ஊரில் யாருமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

குறுக்குக்கேள்வி:
பாடப்புத்தகத்தில் "20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும்" என்று போட்டுவிட்டு எல்லாரையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு இ.கோலை (குடலில் வாழும் பாக்டீரியா), 20 நிமிடத்துக்கு ஒரு பிளவு, 24 மணி நேரத்தில் 72 தடவை. 2-ஐ 72 முறை பெருக்கினால் 47-க்குப் பின்னால் 20 பூஜ்யம். ஒரு பாக்டீரியா ஒரு பிகோகிராம் என்று வைத்தால் சுமார் 4,700 டன். 25 கிராம் எலிக்குள் 4,700 டன்! ஆகவே உடம்புக்குள் அப்படி நடக்கவில்லை என்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. பிளவு மெதுவாகிறதா, அல்லது அதே வேகத்தில் பிளந்து அதே வேகத்தில் கொல்லப்படுகின்றனவா? இரண்டுக்கும் உங்கள் காலனிக் கணக்கு ஒரே விடையைத்தான் காட்டும். வரவும் செலவும் தெரியாமல் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் சம்பாதிக்கிறானா இல்லையா என்று சொல்ல முடியாது.

அப்புறம், ரத்தம் என்றாலே சத்துள்ள குழம்பு என்று ஒரு நினைப்பு. அதில் சர்க்கரை உண்டு, புரதம் உண்டு, ஆனால் எடுத்துக்கொள்ள இரும்பு கிடையாது. இரும்பு முழுக்க டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் கையிலும் ஹீமோகுளோபின் உள்ளேயும் பூட்டிக் கிடக்கிறது. இ.கோலை என்டரோபாக்டின் என்ற இரும்புத் திருடியை வெளியே அனுப்பும், அந்தத் திருடியையே பிடிக்க உடம்பு லிபோகாலின்-2 என்ற புரதத்தை அனுப்பும். அந்தப் புரதம் இல்லாத எலிகள் இ.கோலை தொற்றில் சுலபமாகச் செத்துப்போகின்றன என்று 2004-இல் காட்டினார்கள். அதற்கும் மேலே போய், சில பாக்டீரியாக்கள் தங்கள் திருடிக்குச் சர்க்கரை ஒட்டி லிபோகாலின் பிடிக்க முடியாதபடி மாற்றிவிடுகின்றன. இப்படி ஒரு இழுபறி நடக்கும் இடத்தில் 20 நிமிடமாவது ஒன்றாவது.

எண்சுவடி:
இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஐந்துக்கு வந்து மூன்றுக்கு வராததே ஒரு தகவல். அதைப் பிழை என்று ஒதுக்கினால் கையில் வந்ததைக் கீழே போட்ட மாதிரி.

ஒவ்வொரு பாக்டீரியாவும் தனித்தனியாகத் தன் அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறது, மற்றதன் உதவி அதற்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். (இது 1957-இல் மெய்னெல், ஸ்டாக்கர் இருவரும் சால்மொனெல்லாவை எலியில் வைத்துச் சோதித்த கருத்து, "தனித்தனிச் செயல்பாடு" என்று பெயர்.) அப்படியானால் தப்பிப் பிழைத்து வம்சம் தொடங்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை எலிக்கு எலி பாய்சான் கணக்குப்படி (அரிதாக, தற்செயலாக நடப்பவற்றின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவு விதி) மாறும். எட்டில் மூன்று எலியில் பூஜ்யம். அதாவது பூஜ்யத்துக்கான வாய்ப்பு 0.375, அதிலிருந்து சராசரி எடுத்தால் 0.98 வருகிறது. எளிதாகச் சொன்னால், போட்ட 10 லட்சத்தில் ஓர் எலிக்குச் சராசரியாக ஒரே ஒன்றுதான் பிழைத்தது!

இன்னும் ஒரு படி. நோய் வந்த ஐந்து எலிகளை மட்டும் எடுத்தால், அவற்றில் சுமார் 59 சதவீதத்தில் ஒரே மூதாதை, 29 சதவீதத்தில் இரண்டு, மீதியில் மூன்றோ அதற்கு மேலோ இருக்கலாம். எட்டே எலிகள் என்பதால் இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேலும் கீழும் நிறையவே ஆடும். ஆனால் திசை சரி.

காலமும் ஒத்து வருகிறதா என்று பார்த்தேன். 8 மணிக்கு ஒன்று, 24 மணிக்கு 2 மில்லி ரத்தத்தில் 20 லட்சம். அதற்கு 21 தடவை இரட்டிக்க வேண்டும், கையில் 16 மணி நேரம், ஆக 45 நிமிடத்துக்கு ஒன்று. நிமோகாக்கஸுக்கு நடக்கக்கூடியதுதான். கணக்கு உதைக்கவில்லை.

சிறுதுளி:
10 லட்சத்தில் ஒன்று என்று படித்ததும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது கணக்கு. நிஜமாகவே ஒன்றுதான் என்று யாராவது கண்ணால் காட்டியிருக்கிறார்களா? அந்த ஒன்றுக்கு அப்படி என்ன தனித்திறமை? மரபுபிறழ்வு ஏதாவதா?

பழையபைப்பெட்:
காட்டியிருக்கிறார்கள், ரொம்பக் காலத்துக்கு முன்பே. 1978-இல் மாக்ஸன், மர்ஃபி என்ற இருவர் செய்த சோதனை, இன்றைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான், ஏனென்றால் அதில் விலையுயர்ந்த கருவி எதுவுமே இல்லை. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே பி வகை, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்துக்குச் சாகும் ரகம் பாதி, சாகாத ரகம் பாதி, கலந்து எலிக்குஞ்சுகளின் மூக்கில் விட்டார்கள். பிறகு ரத்தத்தை எடுத்து மருந்துள்ள தட்டிலும் இல்லாத தட்டிலும் போட்டார்கள். நிறையப் பாக்டீரியா சேர்ந்து ரத்தத்துக்குள் நுழைந்திருந்தால் ஒவ்வொரு குஞ்சிலும் இரண்டு ரகமும் கலந்து இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ரகம்தான் இருந்தது. சிலதில் இது, சிலதில் அது.

உங்கள் நிமோகாக்கஸிலேயே 2014-இல் செய்திருக்கிறார்கள். மரபளவில் வேறுபாடு தெரியும்படி அடையாளம் வைத்த மூன்று ரகங்கள், மற்றபடி ஒன்றுக்கொன்று சமம். கலந்து சிரை வழியாகவே எலிக்குச் செலுத்தினார்கள். முதலில் ரத்தம் சுத்தமாகிறது, பின்னால் எழும்போது பெரும்பாலும் ஒரே ரகம். இதில் ஒரு நுணுக்கம், எண்சுவடி திட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஒரே ரகம் வந்தால் உடனே "ஒன்றுதான் மூதாதை" என்று சொல்லக்கூடாது. இரண்டு பிழைத்து இரண்டும் தற்செயலாக ஒரே ரகமாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று பிழைத்து மூன்றும் ஒரே ரகம் என்றால் ஒன்பதில் ஒன்று. எலிக்கு எலி மறுபடி மறுபடி ஒரே ரகமே வந்தால்தான் வாதம் நிற்கும். இப்போதெல்லாம் மூன்று அடையாளம் இல்லை, ஆயிரக்கணக்கான டிஎன்ஏ பார்கோடு (ஒவ்வொரு வம்சத்துக்கும் தனி அடையாளத் துண்டு) வைக்கிறார்கள், அதனால் இந்தச் சந்தேகம் பெரிதாக எழாது.

தனித்திறமை? அந்த ஒன்றை எடுத்து வளர்த்து மறுபடி புது எலிகளுக்குப் போட்டால் அதுவும் மற்றவை மாதிரிதான் நடந்துகொள்ளும், பெரும்பாலும். பிறழ்வு இல்லை, இடம்தான் காரணம். 2018-இல் அதே வழியில் வந்த வேலை, மண்ணீரலில் ஒருவகை மேக்ரோஃபேஜுக்குள் (கிருமி விழுங்கும் செல்) புகுந்த பாக்டீரியா சாகாமல் அங்கேயே பெருகிக் கொத்தாகி, அந்தக் கொத்து வெளியே சிந்தும்போதுதான் ரத்தத் தொற்று தொடங்குகிறது என்று காட்டியது. நிமோகாக்கஸ் என்றால் செல்லுக்கு வெளியே வாழ்வது என்றுதான் நாங்கள் படித்தோம், தேர்விலும் அப்படியே எழுதினோம். அதனால் அந்தக் கட்டுரையை முதலில் நான் நம்பவில்லை, படங்களைப் பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆக, உங்கள் 8 மணிக் கேள்விக்கு என் பதில்: மண்ணீரல்.

இரவுப்பணி:
மருத்துவமனைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மண்ணீரல்தான் ஒளிவிடம் என்றால், மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கு நிமோகாக்கஸ் ரத்தத் தொற்று வராமல் அல்லவா இருக்க வேண்டும்? நடப்பது நேர் எதிர். 1952-இலேயே மண்ணீரல் அகற்றப்பட்ட குழந்தைகளுக்குக் கடுமையான தொற்றுகள் வருவதைக் கவனித்து எழுதினார்கள். இன்றும் மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் என்றால் நாங்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை, முதலில் மருந்து, பிறகுதான் மற்றது.

இன்னொன்று, உங்கள் எலி எண்கள் எனக்கு வேற்றுக்கிரகம் மாதிரி இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 10 லட்சமா? பெரியவர்களின் ரத்தத் தொற்றில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவு, பல பேரில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஒரு தடவைக்கு 20 மில்லி எடுக்கச் சொல்கிறோம், "இவ்வளவா?" என்று நோயாளி முறைத்தாலும் எடுக்கிறோம். குறைவாக எடுத்தால் பிடிபடாது.

பழையபைப்பெட்:
நல்ல கேள்வி, ஆனால் முரண் இல்லை. மண்ணீரல் 10,000-த்தைப் பிடித்து 9,999-ஐக் கொல்கிறது, ஒன்றைத் தவறவிடுகிறது. மண்ணீரலே இல்லையென்றால் அந்த 10,000-மும் ரத்தத்திலேயே. இந்தக் கதை முழுக்கவே வடிகட்டி இருக்கும் எலியின் கதை. மேக்ரோஃபேஜ்களை மருந்து கொடுத்து முன்கூட்டியே அழித்துவிட்டுச் செய்தபோது, முதலில் சொன்ன சரிவும் இல்லை, ஒரே ரகமாகும் நெருக்கடியும் இல்லை, மூன்று ரகமும் கலந்தே எழுந்தன. எண்ணிக்கையைப் புட்டிக் கழுத்து மாதிரி நெரிப்பது வடிகட்டிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா!

குறுக்குக்கேள்வி:
இரவுப்பணி சொன்னதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். ஒரே நொடியில் 10 லட்சத்தைச் சிரையில் ஏற்றுவது எந்த மனிதருக்கு நடக்கிறது? மனிதரில் நுரையீரலிலிருந்தோ சிறுநீர்ப் பாதையிலிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எலியில் நாம் செய்வது கசிவு இல்லை, கொட்டிக் கவிழ்ப்பது. அதை அளந்துவிட்டு "ரத்தத் தொற்று இப்படித்தான்" என்று தலைப்பு வைப்பதில்தான் எனக்கு எரிச்சல்.

எலியே வேறு பிராணி என்பதும் இருக்கிறது. எண்டோடாக்ஸினை (சில பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள நச்சு) தன்னார்வலர்களுக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் கொடுத்தாலே காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்துவிடும். எலியைக் கொல்ல மில்லிகிராம் கணக்கில் வேண்டும். காய்ச்சலும் சாவும் ஒன்றில்லை, ஒப்பீடு சரிசமமில்லை என்பது தெரியும், இருந்தாலும் நானோவுக்கும் மில்லிக்கும் நடுவில் பத்து லட்சம் மடங்கு இருக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வெள்ளணு கொல்லும் நச்சுகளில் சில மனிதச் செல்லில் வேலை செய்யும், எலிச் செல்லில் செய்யாது. அது இரும்புக்காக ஹீமோகுளோபினைப் பிடிக்கும்போதுகூட மனித ஹீமோகுளோபினைத்தான் விரும்புகிறது, எலியுடையது அவ்வளவாக ருசிக்கவில்லை (2010-இல் வந்தது). டைஃபாய்டு தரும் சால்மொனெல்லா எலிக்கு நோயே தராது, அதனால் டைஃபிமூரியம் என்ற அதன் பங்காளியை வைத்துத்தான் ஐம்பது அறுபது வருடமாக "டைஃபாய்டு மாதிரி" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2013-இல் எலியின் அழற்சி மரபணு மாற்றங்கள் மனிதருடையதோடு பொருந்தவில்லை என்று ஒரு பெரிய கட்டுரை வந்தது ஞாபகம் இருக்கிறதா? பலர் அத்தோடு எலியைத் தலைமுழுகச் சொன்னார்கள்.

எண்சுவடி:
ஞாபகம் இருக்கிறது. அடுத்த வருடமே அதே இதழில், அதே தரவை வேறு விதமாக வடித்து "நன்றாகவே பொருந்துகிறது" என்று இன்னொரு குழு எழுதியதும் ஞாபகம் இருக்கிறது. எந்த மரபணுக்களை ஒப்பிட எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது. அந்தச் சண்டையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது எலியைப் பற்றிய பாடம் இல்லை, தரவு தேர்வைப் பற்றியது. எல்லாக் கேள்விக்கும் எலி ஏற்றது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சிறுதுளியின் கேள்வி எலிக்குள் எத்தனை பிழைத்தது என்பது. அதற்கு எலியைத்தான் கேட்க முடியும்.

கூண்டுக்காவல்:
விலங்குக் கூடத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் பாக்டீரியாவை எண்ணுகிறீர்கள், நான் எலியைப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்கிறேன்.

சிறுதுளி, 24 மணிக்கு 10 லட்சம் இருந்த அந்த ஐந்து எலிகளை என்ன செய்தீர்கள்? மரணத்தை முடிவுப் புள்ளியாக வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். எலிக்குச் செப்சிஸ் (தொற்றால் உடம்பே நிலைகுலைவது) முற்றும்போது காய்ச்சல் வராது, உடம்பு குளிர்ந்து போகும். வெப்பநிலை இறங்கத் தொடங்கியதும், முடி சிலிர்த்து, முதுகு கூனி, தொட்டாலும் நகராமல் கிடந்தால், அடுத்தது என்ன என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அங்கேயே வேதனையில்லாமல் முடித்துவிட வேண்டும். ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959-இல் எழுதியதே இதைத்தான்: முடிந்தால் மாற்று, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி. ஆய்வுக்கும் இதனால் நஷ்டமில்லை. செத்த பிறகு எடுத்த உறுப்பில் பாக்டீரியா இஷ்டத்துக்குப் பெருகியிருக்கும், அந்த எண்ணை வைத்து என்ன செய்வீர்கள்?

ரத்தம் எடுப்பதிலும் கவனம். 24 மணி நேரத்தில் நான்கு தடவை எடுத்திருக்கிறீர்கள். மொத்தம் 2 மில்லி உள்ள பிராணி. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ரத்தப்போக்கின் விளைவையும் சேர்த்தே அளக்கிறீர்கள்.

ஒளிரும் பாக்டீரியா வைத்தால் அதே எலியைத் திறக்காமலே கேமராவில் நாள் முழுக்கப் பார்க்கலாம், 1995 முதலே இருக்கிற முறைதான், எலி எண்ணிக்கையும் குறையும். என்ன, ஒன்றிரண்டு செல்லாக இருக்கும்போது கேமராவுக்குத் தெரியாது.

குறுக்குக்கேள்விக்கு: குடலைத் துளைத்துச் சொந்த பாக்டீரியாவையே கசிய விடும் முறை 1980-இலிருந்து இருக்கிறது, நீங்கள் கேட்கிற "கசிவு" அதில் உண்டு. ஆனால் துளை எவ்வளவு பெரிது, எவ்வளவு கழிவு வெளியே வந்தது என்று கைக்குக் கை மாறும். இயற்கைக்குப் பக்கத்தில் போகப் போக எண்ணிக்கை கையை விட்டுப் போகும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

எண்சுவடி:
வரவு செலவு தனித்தனியாகத் தெரியாது என்று மேலே குறுக்குக்கேள்வி சொன்னதற்கு ஒரு வழி இருக்கிறது, சொல்லாமல் விட மனமில்லை. பாக்டீரியாவுக்குள் தன்னைத்தானே நகலெடுக்க முடியாத ஒரு டிஎன்ஏ துண்டை வைத்து அனுப்புங்கள். ஒவ்வொரு பிளவிலும் அது இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் போகும். ஆரம்பத்தில் 1,000 பாக்டீரியா, எல்லாவற்றிலும் துண்டு. கொஞ்ச நேரம் கழித்தும் தட்டில் அதே 1,000, ஆனால் துண்டு இருப்பவை 125 மட்டும். எட்டில் ஒன்றாகிவிட்டது, எனவே மூன்று தலைமுறை கடந்திருக்கிறது, 8,000 ஆகியிருக்க வேண்டும். 1,000-தான் இருக்கிறது என்றால் எட்டில் ஏழு பங்கு போயிற்று. தட்டில் ஒன்றுமே மாறாத மாதிரி இருந்த அந்த நேரத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது!

1960-களிலேயே எலியின் மண்ணீரலில் சால்மொனெல்லாவுக்கு இப்படிப் பிளவு வேகத்தையும் சாவு வேகத்தையும் பிரித்தார்கள், துண்டுக்குப் பதில் ஃபேஜ் வைரஸை (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வைத்து. குடுவையில் பிளக்கும் வேகத்தில் ஒரு சின்னப் பங்குதான் மண்ணீரலில் இருந்தது. ஆனால் எல்லாக் கிருமிக்கும் எல்லா நேரத்துக்கும் அப்படி இல்லை, 2008-இல் எட்டு அடையாள ரகங்கள் வைத்துச் செய்த சால்மொனெல்லா வேலையில் முதல் சில மணி நேரத்தில் பிளவும் வேகம், சாவும் வேகம். பிறகு ஒவ்வொரு உறுப்பிலும் வெவ்வேறு ரகம் மேலோங்குகிறது, நாளாக ஆக ரத்தத்தின் வழியாக எல்லாம் கலந்துவிடுகிறது.

சிறுதுளி:
இப்போது வேறு பயம் வந்துவிட்டது. அடுத்த மாதத் திட்டமே ஆயிரம் பிறழ்வு ரகங்களை (ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மரபணு கெட்டுப்போனது) கலந்து எலிக்குப் போட்டு, 24 மணி ரத்தத்தில் எவையெல்லாம் காணாமல் போயின என்று பார்த்து, காணாமல் போன மரபணுவெல்லாம் தொற்றுக்குத் தேவையானது என்று சொல்வது. ஒன்றிரண்டுதான் பிழைக்கிறது என்றால்...?

பழையபைப்பெட்:
நிறுத்துங்கள். நல்ல வேளை கேட்டீர்கள்.

ஆயிரத்தில் 999 காணாமல் போகும், அத்தனையும் "அவசியமான மரபணு" என்று அட்டவணை போடுவீர்கள், அடுத்த எலியில் வேறு 999 காணாமல் போகும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு, வேறு கிருமி, ஒரு பிறழ்வு ரகத்தையும் இயல்பு ரகத்தையும் சமமாகக் கலந்து ஐந்து எலிக்குப் போட்டேன். நான்கில் பிறழ்வு ரகம் சுத்தமாக இல்லை. குதித்தேன். கூட்டத்தில் படம் காட்டினேன். ஒருவர் எழுந்து, "ஐந்தாவது எலியில்?" என்றார். ஐந்தாவதில் பிறழ்வு ரகம்தான் முழுக்க, இயல்பு ரகம் இல்லை. அதை நான் "விதிவிலக்கு" என்று ஓரத்தில் வைத்திருந்தேன். காசைச் சுண்டினால் ஐந்தில் நான்கு தலை விழுவது அதிசயமா? திரும்பி வந்து இருபது எலியில் செய்ததும் பாதிக்குப் பாதி. ஒன்றரை வருடம் போயிற்று.

இந்த மாதிரிச் சல்லடைத் தேடல் செய்யவே முடியாது என்பதில்லை. 1995-இல் எலியில் சால்மொனெல்லா வைத்து அடையாளமிட்ட பிறழ்வு ரகங்களை இப்படித் தேடித்தான் மிக முக்கியமான ஒரு நோய்த்தீவு (நோய் உண்டாக்க உதவும், ஒன்றாக அமைந்த) மரபணுக் கூட்டத்தையே கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு தடவைக்கு 96 ரகம்தான் கலந்தார்கள், மண்ணீரலில் போதுமான அளவு எல்லாம் பிழைக்கும் அளவும் வழியும் பார்த்துத்தான் போட்டார்கள். எத்தனை பிழைக்கிறது என்று தெரியாமல் எத்தனை கலக்கலாம் என்று முடிவு செய்யக்கூடாது. முதலில் பிறழ்வு எதுவுமில்லாத, அடையாளம் மட்டும் உள்ள ரகங்களை அனுப்பி அந்தப் புட்டிக் கழுத்தின் அகலத்தை அளவெடுங்கள்.

குறுக்குக்கேள்வி:
சரி, என் எரிச்சலில் ஒரு பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நிமோகாக்கஸ் கதையை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடாதீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கல்லீரலின் குப்ஃபர் செல்லுக்குள்ளேயே உயிரோடு இருந்து, பிறகு எலியின் சிறுநீரகத்தில் சீழ்க்கட்டியாகிறது. கட்டிகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே வம்சம். இ.கோலையை எலிக்குச் சிரையில் போட்டு 2021-இல் பார்கோடு வைத்துப் பார்த்ததில், கல்லீரலில் சில எலிகளில் ஒருசில வம்சம் மட்டும் பிரம்மாண்டமாகப் பெருகியது, பக்கத்துக் கூண்டு எலியில் அப்படி இல்லை. அதே எலிக்குள் ஒரு உறுப்பில் தொற்று வற்றிக்கொண்டும் இன்னொன்றில் பெருகிக்கொண்டும் இருக்கும். "எலியில் பாக்டீரியா எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது" என்று ஒற்றை எண் கேட்பவர்களிடம் எந்த உறுப்பு, எத்தனையாவது மணி என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம் ஸ்டாஃபிலோகாக்கஸ் கொத்தாக இருக்கும், உங்கள் நிமோகாக்கஸ் இரட்டையாகவோ சங்கிலியாகவோ இருக்கும். ஒரு காலனி என்பது ஒரு செல் என்று யார் சொன்னார்கள்? எண்சுவடியின் "ஒரே மூதாதை" ஒரு ஜோடியாகக்கூட இருக்கலாம்.

எண்சுவடி:
ஒப்புக்கொள்கிறேன். ஜோடியே ஆனாலும் ஒரே தாயின் பிள்ளைகள்தானே, வம்சக் கணக்கு மாறாது. :)

சிறுதுளி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆயிரம் ரகத் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டோம், அது தனிக் கதை, ஆய்வகக் கூட்டம் இரண்டு மணி நேரம் ஓடியது.

பழையபைப்பெட் சார் சொன்னபடி மூன்று அடையாள ரகம் கலந்து ஆறு எலியில் மட்டும் செய்தோம், 8 மணிக்கே நிறுத்திவிட்டோம், கூண்டுக்காவல் அக்கா சொன்னதை நினைத்து. ரத்தம் இந்தத் தடவை 100 மைக்ரோலிட்டர் பரப்பினேன், ஆறில் ஐந்து தட்டு சுத்தம், ஒன்றில் இரண்டு காலனி. கல்லீரல் அரைத்துப் போட்டதில் நான்கு எலியில் எதுவுமில்லை, இரண்டில் சொற்பம். மண்ணீரலில் ஆறிலுமே காலனி. குறைந்தது 11, அதிகம் 340. அந்த 340-இல் மருந்துத் தட்டுகளுக்கு மாற்றிப் பார்த்தது 60, அறுபதும் ஒரே ரகம். 11 வந்த எலியில் மூன்று ரகமும் கலந்து இருக்கிறது.

அப்படியென்றால் 11 வந்த எலி இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்த எலி, 340 வந்தது ஏற்கெனவே தோற்கத் தொடங்கியது, சரியா? அல்லது நான் அதிகமாகப் படிக்கிறேனா?

பழையபைப்பெட்:
ஆறு எலிக்கு அது கொஞ்சம் அதிகம். ஆனால் நானும் அதையேதான் நினைத்தேன்.

கூண்டுக்காவல்:
முதல் தடவை 24 மணிக்கு "ஒன்றுமில்லை" என்று விட்ட மூன்று எலிகள் இன்னும் கூடத்தில்தான் இருக்கின்றன, சாப்பிட்டு ஓடி விளையாடிக்கொண்டு. அனுமதித்த காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, எப்படியும் அன்று முடிக்க வேண்டும். அவற்றின் மண்ணீரலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காலையில் நேரத்தோடு வாருங்கள்.